பக்கத்துப் புள்ளி

பேராச்சியின் வீட்டுச் சுவரிலிருந்து குங்கிலியம் வடியத் தொடங்கியது ஜூன் மாதக் கடைசியில், மழை பிடித்த வாரத்தில். தாராவியில் அந்த வாரம் குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தது, சாக்கடை பொங்கியது, தக்காளி விலை இரண்டு மடங்கானது. இவற்றுக்கு நடுவில் ஒரு செங்கல் சுவர் மரம் போலப் பிசின் விடுவதைத் தனியாக எடுத்துப் பேச யாருக்கும் தோன்றவில்லை. "ஏட்டி, செவரு என்னமோ ஒழுவுது பாரு" என்றாள் பேராச்சி. செம்பூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட மகள் விஜயராணி திரும்பிப் பார்க்காமலே, "மழத்தண்ணியா இருக்கும்மா" என்றாள். "தண்ணி வெரல்ல ஒட்டுமாட்டி? கோயில் வாசன அடிக்குமா?" என்று கேட்ட தாய்க்குப் பதில் சொல்ல மகள் அங்கே இல்லை, போய்விட்டாள். அன்று சாயங்காலம் பேராச்சி தோசைத் திருப்பியால் சுவரைச் சுரண்டி, வந்ததைக் கரித்துண்டின் மேல் போட்டாள். சந்து முழுவதும் புகை பரவியது, கொசு குறைந்தது. மறுநாள் ஒட்டுச்சுவர் வீட்டு மாரீஸ்வரி, தலைப்பிரசவத்துக்காரி, ஒரு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "அத்தே, எனக்கும் ரெண்டு சொரண்டிக்கிடுதேன்" என்றாள். சுரண்டிக்கோ என்று சொல்லிவிட்டுப் பேராச்சி மாவரைக்கப் போனாள். அந்தச் சந்தே இட்லியால் பிழைக்கிற சந்து. எல்லா வீட்டிலும் சாயங்காலம் மாவரைப்பார்கள், விடிந்ததும் ஆண்கள் சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு மாட்டுங்கா, வடாலா என்று பிரிந்து போவார்கள்.

காரணம் என்று தேடிப் போனால் அது மாட்டுங்காவில், இரண்டாம் மாடியில், வேங்கடசுப்ரமணியன் என்பவரின் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. அவர் மின்சாரம் விநியோகிக்கிற ஓர் அலுவலகத்தில் முப்பத்துச் சொச்சம் வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் ரஞ்சனா கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, செம்பூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தாள். மத்தியப் பிரதேசத்துச் சால மரக் காடுகளைத் துளைத்துத் தின்கிற ஒரு வண்டு எப்படிப் பரவுகிறது, எங்கே கூட்டம் சேர்கிறது என்பதைச் சமன்பாடுகளாக எழுதிக் கம்ப்யூட்டரில் ஓடவிடுவது அவளுடைய வேலை. காட்டை அவள் பார்த்ததில்லை. மாத்தேரான் வரை போயிருக்கிறாள், அங்கேயும் குரங்குக்குப் பயந்து ஹோட்டலிலேயே இருந்தாள். ஆனால் வண்டின் குணம் அவளுக்கு அத்துப்படி. முதல் மழையோடு அது வெளியே வரும். காயம்பட்ட மரத்தின் வாசனையைத் தேடிப் போகும். திடமான மரம் தன் பிசினை விட்டு உள்ளே வந்த புழுவை மூழ்கடித்துக் கொன்றுவிடும். அந்தப் பிசினுக்கு ஓர் எல்லை உண்டு. எல்லைக்குமேல் வண்டு வந்து இறங்கிவிட்டால் பிசின் போதாமல் மரம் சாகும், சாகும்போது அதன் வாசனை இன்னும் பலமாக வீசும், அதை மோந்து இன்னும் வண்டுகள் வரும், வந்தவை பக்கத்து மரத்துக்குப் போகும். நெருக்கமாக நிற்கிற மரங்கள் ஒன்றால் ஒன்று கெடும். தனியாக நிற்கிற மரம் தப்பிக்கும், அல்லது தான் மட்டும் சாகும். இதுதான் அவளுடைய கணக்கின் சாரம்.

கணக்கை ஓட்டிப் பார்க்க மரங்கள் வேண்டுமே. எந்த மரம் எங்கே நிற்கிறது என்ற விவரத்தை அனுப்புவதாகச் சொன்ன வனத்துறைக்காரர்கள் அனுப்பவில்லை. நிலையத்தின் பெரியவர்களுக்குக் காட்ட வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. கம்ப்யூட்டரே சிதறிப் போடுகிற புள்ளிகள் காடு மாதிரி இல்லை, சேமியாவைக் கொட்டினது மாதிரி இருந்தன. ரஞ்சனா சாப்பிடும்போது இதைச் சொல்லிக் குறைப்பட்டாள். அப்பா மோரை ஊற்றிக்கொண்டே, "எங்கிட்ட தாராவி மீட்டர் எல்லாம் இருக்கே. ஒவ்வொரு மீட்டரும் எங்கே மாட்டியிருக்குன்னு நானே உக்காந்து ஏத்தினது. தூக்கிப் போட மனசு வராம ஒரு காப்பி ஆத்துக்குக் கொண்டுவந்தேன்" என்றார். "அப்பா, எனக்கு வேண்டியது மரம்." "ஏண்டி, நோக்கு வேண்டியது புள்ளிதானே? மரமா இருந்தா என்ன, மீட்டரா இருந்தா என்ன? போட்டுப் பாரேன்." அவள் போட்டுப் பார்த்தாள். ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் திட்டு, நடுவில் ஓர் ஒற்றையடித் தடம் போன்ற வளைவு. யாரும் நட்டு வைக்காமல் தானாக வளர்ந்த இடம் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. இதைவிடக் காடு போன்ற காடு கிடைக்காது என்று ரஞ்சனா சந்தோஷப்பட்டாள். ஒவ்வொரு மீட்டரையும் ஒரு சால மரம் என்று வைத்து, ஓரத்தில் ஒரு பிடி வண்டை விட்டு, கணக்கை ஓடவிட்டாள். அது தாராவியில் மழை பிடித்த வாரம்.

சந்துக்குள் வண்டு ஜூலை நடுவில் வந்தது. உடம்பைவிட மீசை நீளமான, பழுப்பு நிற வண்டு. சாயங்காலமானால் வரிசையாகப் பறந்து வந்து முக்கு வீட்டுச் சுவரிலும் பேராச்சி வீட்டுச் சுவரிலும் உட்காரும். காலையில் பார்த்தால் விரல்நுனி புகுகிற ஓட்டைகளும், வாசலில் சலித்துக் குவித்தது போலச் செங்கல் மாவும் இருக்கும். காதை வைத்தால் சுவருக்குள்ளே மெல்லுகிற சத்தம் கேட்கும். முதலில் போனது முக்கு வீடு. அதன் சுவர் ஒரு வாரம் பிசினாகக் கொட்டியது, பிறகு வற்றியது, ஒரு நாள் காலையில் யாரோ சைக்கிளைச் சாய்த்தபோது வீடு முழுவதும் மாவாகி உட்கார்ந்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அந்த வீட்டுக் குடும்பம் மாவைத் தட்டிக்கொண்டு எழுந்து, அந்நிய இடத்தைப் பார்ப்பது போலச் சுற்றிலும் பார்த்து, வழி கேட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. சந்தில் பெரியவர் என்று பெயர் எடுத்திருந்த இட்லிக்காரர் பிரம்மநாயகம் அவர்களைக் காட்கோபர் மார்க்கெட்டில் பார்த்தார். "எப்பிடி இருக்கிய?" என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் ரொம்ப மரியாதையாக, "நீங்க யாருன்னு தெரியலியே" என்றாராம். "இருவது வருசமா ஒரே கொழாயில தண்ணி புடிச்சோம்வே" என்று இவர் சொன்னதற்கு, இருக்கலாம் என்று தலையாட்டிவிட்டுக் கொத்தமல்லி வாங்கப் போய்விட்டாராம். புருஷனும் பெண்டாட்டியும்கூட ஒருவரையொருவர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் போலத்தான் நடத்திக்கொண்டார்கள் என்று பிரம்மநாயகம் சொன்னார். வீடு செத்தால் அதில் இருந்தவர்களுக்கு அந்த வீடும், அதில் யாரோடு இருந்தோம் என்பதும் போய்விடும் என்பதைச் சந்து அப்படித்தான் தெரிந்துகொண்டது.

அடுத்துப் பிசின் அதிகம் விடுகிற வீடு பேராச்சி வீடு. அவள் புருஷன் செத்து வெகு காலம். அவளும் மகளும்தான். விஜயராணி பி.எஸ்.ஸி. முடித்து, செம்பூர் நிலையத்தில் ரஞ்சனாவிடம் உதவியாளராக இருந்தாள். அன்றாடம் கணக்கு ஓடி முடிந்ததும் வருகிற படத்தைப் பார்த்து, எந்தப் புள்ளி பச்சை, எது சிவப்பு, எது கறுப்பு என்று சரிபார்ப்பது அவள் வேலை. பச்சை என்றால் நல்ல மரம், சிவப்பு வண்டு இறங்கியது, கறுப்பு செத்தது. மத்தியப் பிரதேசத்துக் காடு என்றே நினைத்து அவள் பார்த்து வந்தாள். முக்கு வீடு மாவான அன்று ஆபீசுக்குப் போய்ப் படத்தைத் திறந்தபோது முக்கில் ஒரு புள்ளி கறுப்பாகியிருந்தது. அவள் படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாள். பொதுக் கழிப்பறை இருக்கிற காலியிடம் தெரிந்தது. டெம்போ திரும்ப முடியாத வளைவு தெரிந்தது. அதிலிருந்து உள்ளே எண்ணிக்கொண்டு போனால் தன் வீடு தெரிந்தது, அது மட்டும் நல்ல சிவப்பாக.

"மேடம், இது எங்க சந்து" என்றாள். "எது உங்க சந்து?" என்றாள் ரஞ்சனா. "இந்தக் காடு." ரஞ்சனா சிரிக்கவில்லை. அவளுக்கும் கொஞ்ச நாளாக ஒரு சங்கடம் இருந்தது, மாட்டுங்காவுக்கு இட்லி கொண்டுவருகிறவர்களின் துணியில் குங்கிலிய வாசனை அடிப்பதாக. இருவரும் டாக்சி பிடித்துத் தாராவிக்கு வந்தார்கள். ரஞ்சனா தன் வாழ்நாளில் முதல் முறையாக அந்த வண்டை நேரில் பார்த்தாள். அது பேராச்சி வீட்டு நிலைப்படியில், அவள் எழுதிய சமன்பாடு எந்தத் திசையில் தள்ளுமோ அந்தத் திசையில், அவள் வைத்த வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. "இது என்னோடதுதான்" என்று மெதுவாகச் சொன்னாள். பேராச்சி அவளை ஏற இறங்கப் பார்த்து, "ஒங்களுதுன்னா கூட்டிட்டுப் போங்கம்மா. யாரு வேண்டாம்னா?" என்றாள்.

ரஞ்சனாவுக்குத் தோன்றியது ஒன்றுதான். திரும்பிப் போய்க் கணக்கை நிறுத்தினாள். அந்த நிமிடமே சந்தில் வண்டுகள் இருந்த இடத்தில் நின்றன, பறந்துகொண்டிருந்தவை அந்தரத்தில் நின்றன. பிசின் பாதிச் சொட்டில் தொங்கியது. எல்லோரும் அப்பாடா என்றார்கள். மறுநாள் விடிந்தபோது ஒரு வீட்டிலும் மாவு பொங்கவில்லை. அரைத்து வைத்தது வைத்தபடி, புளிக்காமல், தண்ணீரும் மாவுமாக இருந்தது. தயிர் உறையவில்லை. சவரம் செய்த முகத்தில் ரோமம் முளைக்கவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மனிதர்கள் நடந்தார்கள், பேசினார்கள், சண்டை போட்டார்கள். ஆனால் தானாக வளர வேண்டியதும் பொங்க வேண்டியதும் ஆற வேண்டியதும் அப்படி அப்படியே நின்றுவிட்டன. இட்லி இல்லாமல் சைக்கிள்கள் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. மாரீஸ்வரிக்கு நாள் வந்தது, தாண்டியது, வலி வரவில்லை. "வயிறு கல்லு மாதிரி இருக்குக்கா. புள்ள அசையிது, எறங்க மாட்டேங்கு. உங்க மேடத்துக்கிட்ட மெசினப் போடச் சொல்லுங்க" என்று விஜயராணியிடம் வந்து அழுதாள். "போட்டா அந்த வண்டும்லா ஓடும்?" "ஓடட்டும்க்கா. நா என்ன செய்ய?"

போட்டுத்தான் ஆக வேண்டும், ஆனால் நிறுத்தி வைத்திருக்கும் போதுதான் புள்ளிகளைத் தொட முடியும் என்றாள் ரஞ்சனா. காட்டில் என்ன செய்வார்கள் என்று விஜயராணி கேட்டாள். வண்டு இறங்கிய மரத்தைச் சுற்றி உள்ள மரங்களை வெட்டி வெறும் தரையாக்குவார்கள், வண்டு தாண்ட முடியாமல் நின்றுவிடும் என்றாள் ரஞ்சனா. சொல்லிவிட்டு, இங்கே யாரையும் வெட்டப் போவதில்லை என்றும் சொன்னாள். விஜயராணி முதல் வேலையாகத் தன் அம்மாவின் புள்ளியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது நகரவில்லை. வண்டு பிடித்த மரத்தை இடம் மாற்றக்கூடாது என்பது காட்டில் முதல் சட்டம், ரஞ்சனா அதைக் கணக்கிலேயே பூட்டி வைத்திருந்தாள். "தொறக்க முடியாதா மேடம்?" "தொறக்கலாம். எங்கே கொண்டுபோய் வெச்சாலும் வண்டும் கூடவே போகும். இன்னொரு சந்துக்குப் பிடிக்கும். வேண்டாம்."

இந்தப் பேச்சு எப்படியோ சந்துக்குத் தெரிந்துவிட்டது. புள்ளிகளைத் தொடுகிற லேப்டாப் விஜயராணியிடம் வீட்டில்தான் இருக்கிறது என்பதும் தெரிந்தது. முதலில் வந்தவர் பிரம்மநாயகம். பிசின் சொட்டிச் சொட்டி நின்றிருந்த சுவரின் கீழே பாயில் உட்கார்ந்து, பேராச்சி கொடுத்த டீயைக் குடித்து, நாட்டு நடப்பெல்லாம் பேசி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். "தாயி, ஒனக்கு நா வேத்தாளா? நம்ம புள்ளிய ஒரு வெரக்கட அந்தால தள்ளி வையி, போதும்."

"மாமா, புள்ளிய நவுத்துனா வீடே நவுந்துரும். ஒரு வெரக்கடைங்கது அங்க பெரிய தூரம். மெயின் ரோட்டு மேல போயி நிப்பிய."

"நின்னா என்ன, முன்னால ஒரு கடையப் போட்டுக்கிடுதேன்."

விஜயராணி அம்மாவைப் பார்த்தாள். பேராச்சி அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "நவுத்திக் குடுட்டி. கேக்காவல்லா" என்றாள். மறுநாள் விடியும்போது பிரம்மநாயகத்தின் வீடு, குடம், கொடி, கொடியில் காய்ந்த லுங்கி எல்லாவற்றோடும் மெயின் ரோட்டு ஓரத்தில் இருந்தது. போலீஸ்காரர் வந்து பார்த்தார், ரேஷன் கார்டில் விலாசம் அதுவாகவே இருந்ததால் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வாசலில் ஆள் ஓயவில்லை. சித்தி முறை வந்தாள், அண்ணன் முறை வந்தான், ஒருத்தி அதிரசம் கொண்டுவந்தாள், ஒருத்தி விஜயராணி பள்ளிக்கூடம் போகும்போது தான் தலை பின்னிவிட்டதை ஞாபகப்படுத்தினாள். யாரும் உன் வீட்டைவிட்டு விலகிப் போகிறேன் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கம் காத்து வரும் என்றார்கள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பக்கம் என்றார்கள், கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். ஒவ்வொருவரும் பேராச்சி வீட்டில் உட்கார்ந்து, பேராச்சி கையால் டீ வாங்கிக் குடித்து, பேராச்சி காதுபடவே கேட்டார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் இஞ்சி தட்டிப் போட்டாள். விஜயராணிக்கு மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை, எல்லோரும் ஏதாவது ஓர் உறவுமுறை. கேட்டவர்களின் புள்ளியை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துத் தள்ளி வைத்தாள். வீடுகள் நகர்ந்த இடத்தில் தரை மிச்சமாயிற்று.

கடைசியாக வந்தவள் மாரீஸ்வரி. அவளுக்கும் பேராச்சிக்கும் நடுவில் ஒரே சுவர். உட்காரவில்லை, டீயும் வேண்டாம் என்றாள். "அத்தே, புள்ளைக்காவத்தான் கேக்குதேன். பெறந்து கண்ண முழிக்கும்போது எனக்கே அத யாருன்னு தெரியாமப் போயிட்டா?" என்றாள். பேராச்சி எழுந்து வந்து அவள் வயிற்றில் கை வைத்தாள். "போயிட்டு வா. பெறந்ததும் சொல்லி விடு" என்றாள். மறுநாள் ஒட்டுச்சுவரின் பாதி மட்டும், மாரீஸ்வரி வீட்டுப் பச்சைப் பெயின்ட் அடித்த அந்தப் பக்கம், வெயிலில் நின்றது.

அப்படியாகத் தாராவியில் ஒரு வெட்டவெளி உண்டாயிற்று. நடுவில் ஒற்றை வீடு. மற்றச் சந்துகளிலிருந்து பார்க்க வந்தார்கள். வெற்றுத் தரையை ஒருநாள்கூட வெற்றுத் தரையாக விட்டு வைக்காத ஊரில், அதில் யாரும் ஒரு கயிற்றுக்கட்டில்கூடப் போடவில்லை. அந்தரத்தில் நிற்கிற வண்டுகளைப் பார்த்ததும் திரும்பிப் போனார்கள். விஜயராணி படத்தைத் திறந்து பார்த்தபோது, நகர்த்தும்போது ஒவ்வொன்றாகத் தெரிந்தது மொத்தமாகத் தெரிந்தது. சிவப்புப் புள்ளி ஒன்று, அதைச் சுற்றி ஒன்றுமில்லை. காட்டில் வெட்டிச் செய்வார்கள் என்று மேடம் சொன்னதை வெட்டாமலே செய்தாயிற்று, அதுவும் தன் கையால்.

ரஞ்சனாவுக்கு இப்போது கம்ப்யூட்டரில் எதையும் ஓட்டிப் பார்க்கப் பயம். தாளில் போட்டுப் பார்த்தாள். விடை சுத்தமாக வந்தது. வண்டு தாண்டாது. மழை முடிவதற்குள் ஒழிந்துவிடும். இழப்பு ஒரு மரம். அவளுடைய துறையில் இதைவிட நல்ல விடை யாருக்கும் கிடைத்ததில்லை. அன்று அவள் சாப்பிடவில்லை. வேங்கடசுப்ரமணியன் தாளை எடுத்துப் பார்த்து, "ஒண்ணுதானே?" என்றார். பிறகு, "யாராத்து மீட்டர்?" என்று கேட்டார். சொன்னாள். அவருக்கு அந்த மீட்டரை மாட்டிய நாள் நினைவிருந்தது. தகரத் தடுப்பைச் செங்கல் சுவராக மாற்றிய வருடம், கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்று, பல்பு எரிந்ததும் குழந்தைக்குக் காட்டினாள் என்றார். தாளை மடித்து வைத்தார்.

மறுநாள் ரஞ்சனா விஜயராணியைத் தனியாகக் கூப்பிட்டு மறைக்காமல் சொன்னாள். அந்த வீடு செத்தால் அம்மாவுக்கு மகள் தெரியாது, மகளுக்கு அம்மா தெரியாது, ஒரே மீட்டர் என்பதால். ஆனால் இப்போதே விஜயராணி தனக்கென்று ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் அவளுடைய நினைவு தப்பும். "செம்பூர்ல வெச்சுக்கோ. இல்லே வாஷியில வெச்சுக்கோ, நல்ல ஃப்ளாட்டா. ஒருத்தருக்காவது ஞாபகம் இருக்கணுமோல்லியோ? நாளைக்கு அவாளைத் தேடிப் போய்ப் பாத்துக்கலாம்."

"அவ கதவத் தொறந்து, நீ யாருன்னு கேப்பா. நா என்ன சொல்ல மேடம்?"

விஜயராணியே மறுபடியும், "அந்த மரத்துக்குப் பக்கத்துல இன்னொரு மரம் நின்னா?" என்று கேட்டாள். ரஞ்சனா தாளை எடுத்துப் போட்டாள், அடித்தாள், திரும்பப் போட்டாள். "விடை நிக்க மாட்டேங்கறது. வண்டு ரெண்டாப் பிரிஞ்சு, ரெண்டு மரமும் தாக்குப் பிடிக்கலாம். இல்லேன்னா ரெண்டும் போகலாம். எதுன்னு என்னால சொல்ல முடியலே. விஜயராணி, இது வேண்டாம். நான் உன் மேடமாச் சொல்லலே."

அன்று சாயங்காலம் விஜயராணி வீட்டுக்குப் போய், லேப்டாப்பைத் திறந்து, தன் புள்ளியை வைத்தாள். வாஷியில் வைக்கவில்லை. மறுநாள் பேராச்சி கதவைத் திறந்தபோது, மாரீஸ்வரியின் பச்சைச் சுவரைத் தாண்டி, ஓர் ஆள் படுக்கிற இடைவெளி விட்டு, ஒரு புது அறை நின்றது. அதில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மகள் உள்ளே துடைப்பமும் கையுமாக நின்றாள். பேராச்சிக்கு அதுவரை வராத கோபம் அப்போது வந்தது. "ஒன்ன யாருட்டி இங்க வரச் சொன்னா? ஊரே எந்திரிச்சுப் போயிருக்கு, படிச்ச மூதி, நீ கொண்டாந்து பக்கத்துல நட்டுக்கிட்டு நிக்க. அந்தம்மா வாஷின்னாவளாம்லா? போயேன். எனக்கென்ன, கெழட்டு ஜென்மம், எதுவும் ஞாபகம் இல்லைன்னா நிம்மதியாத் தூங்குவேன்."

"நா தூங்கணும்லா?" என்றாள் மகள்.

அதற்குப் பிறகு ரஞ்சனா கணக்கை ஓடவிட்டாள். அந்தரத்தில் நின்ற வண்டுகள் விட்ட இடத்திலிருந்து பறந்தன, தொங்கிய சொட்டு விழுந்தது. நகர்ந்துபோன வீடுகளில் மாவு பாத்திரத்தைத் தாண்டிப் பொங்கி வழிந்து, ஊர் முழுவதும் புளிப்பு வாடை அடித்தது. மாரீஸ்வரிக்கு அன்று பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. அவள் சொல்லி அனுப்பினாள், ஆனால் சொல்ல வந்த ஆள் வெட்டவெளியின் விளிம்பிலேயே நின்று கத்திச் சொல்லிவிட்டுப் போனான். வண்டுகளில் பாதி புது அறைக்கு வந்தன. அதன் சுவரும் பிசின் விட்டது. அந்த மழைக்காலம் முழுவதும் இரண்டு வீட்டு வாசலிலும் செங்கல் மாவு குவிந்தது, சில நாள் முழங்கால் உயரம், சில நாள் ஒரு பிடி. விஜயராணிக்கு ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று அம்மாவின் பெயர் நாக்கில் வராமல் நிற்கும். அவள் எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். வந்துவிடும். பேராச்சி ஒருநாள் மகளைப் பார்த்து, "ஏம்மா, நீ எந்த வீட்டுப் புள்ள?" என்று கேட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்தவள் அன்று முழுவதும் விடவில்லை.

வனத்துறைக்காரர்களின் விவரம் தீபாவளிக்கு வந்தது. ரஞ்சனா அதை வேறு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாள். கிழக்கே போகும் என்று அவள் சொன்ன வண்டு காட்டில் மேற்கே போனது, நிற்கும் என்று சொன்ன இடத்தில் நிற்கவில்லை. அவளுடைய கணக்கு தாராவியில் மட்டும்தான் சரியாக இருந்தது. நிலையத்தில் அந்த வேலையை மூடச் சொல்லிவிட்டார்கள். மூடினால் அங்கே மாவு பொங்காது என்று சொன்னால் யார் கேட்பார்கள்? அவள் அந்தக் கணக்கை மாட்டுங்காவுக்கு எடுத்து வந்து அப்பாவின் கம்ப்யூட்டரில் ஓடவிட்டாள். கரண்ட் போனாலும் நிற்காதபடி வேங்கடசுப்ரமணியன் இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டார். காலையில் குளித்துவிட்டு வந்து, படத்தில் சிவப்பு இரண்டும் சிவப்பாகவே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் காப்பி குடிக்கிறார். கறுப்பாகவில்லை. பச்சையாகவும் இல்லை. ரஞ்சனா அதற்கு ஒரு பெயர் சொன்னாள், நோயும் போகாது, நோயாளியும் போகாத நிலை என்று அர்த்தம். காட்டில் பல மரங்கள் அப்படித்தான் நூறு வருடம் நிற்கின்றனவாம்.

விண்ணப்பம் இல்லாமல் புது மீட்டர் எப்படி வந்தது என்று கேட்க மின்சார ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்தார், ஓடியது. வண்டுகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, ரீடிங் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த மாதமும் வந்தார். நகர்ந்துபோனவர்களுக்கு மெயின் ரோட்டுச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டு குறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டுப் பிரம்மநாயகம் வெட்டவெளியைக் கடந்து வந்து, பேராச்சி வாசலில் செருப்பைக் கழற்றினார். பழைய இடத்துக்கே வந்துவிடலாமா என்று கேட்க வந்தவர். பேராச்சி அவரை நன்றாகப் பார்த்தாள். "நீங்க யாருன்னு தெரியலியே. டீ குடிக்கியளா?" என்றாள். அவர் குடித்தார், அதில் இஞ்சி இல்லை. அவளுக்கு உண்மையிலேயே மறந்ததா, மறந்ததாக வைத்துக்கொண்டாளா என்பதை அவரும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. மாரீஸ்வரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தபோதும் அதே கேள்விதான். ஆனால் குழந்தையை மட்டும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

இப்போது இரண்டு வீடுகளும் நிற்கின்றன. தாயின் சுவரில் வண்டு சேர்ந்துபோனால் அவள் உள்ளங்கையால் சுவரைத் தட்டுகிறாள், கொஞ்சம் புறப்பட்டு இடைவெளியைத் தாண்டி மகளின் சுவருக்கு வருகின்றன. மகளால் முடியாத நாளில் மகள் தட்டுகிறாள், அவை திரும்பிப் போகின்றன. யார் முறை என்பதில்தான் சண்டை. "நேத்துத்தாம்மா ஒரு கூட்டம் அனுப்புன." "ஒனக்கென்ன, ஆபீசுக்குப் போயிருவ. பகலெல்லாம் கடிக்கிற சத்தம் கேட்டுக்கிட்டு நா கெடக்கணும்லா?" "சரி, அனுப்பு. பாதிதான்." "பாதிதாம்ட்டி, எண்ணிக்கோ." பேராச்சி தட்டினாள். வண்டுகள் மீசையை ஆட்டிக்கொண்டு எழுந்து, துணி காயப்போட்டிருந்த கொடிக்கு மேலாகப் பறந்து, மகளின் சுவரில் இறங்கி வேலையைத் தொடங்கின. விஜயராணி சுவரோரம் இருந்த பாயைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு, சாயங்காலத்துக்கு அரிசி ஊறப் போட்டாள்.